‘400’ என்ற எண் சேரியில் எப்படிக் கேட்டது?

2024 ஏப்ரல் 19. தமிழ்நாட்டில் மக்களவைத் தேர்தல் வாக்குப்பதிவு நாள். ஒரகடத்தை ஒட்டிய ஒரு காலனியில், பள்ளிக்கூட வாசலில் பெண்கள் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். அடுத்த தெருவில், வாடகைக்கு விடுவதற்கென்றே தகர ஷீட் போட்டுக் கட்டிய அறைகளுக்கு முன்னால் உத்தரப் பிரதேச இளைஞர்கள் துணி துவைத்துக் காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் அன்று கம்பெனி லீவுதான். ஓட்டு மட்டும் இங்கே இல்லை.

அவர்களில் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தோம். ஊர் அயோத்தி மாவட்டத்தில் மில்கிபூர் பக்கம். சாதி பாசி, உத்தரப் பிரதேசத்தில் பட்டியல் சாதி. ஒரகடத்தில் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் கான்ட்ராக்ட் வேலை. அவருடைய ஊரில் வாக்குப்பதிவு மே 20-ல்தான். போக இரண்டு இரவு, வர இரண்டு இரவு ரயிலில் கழிய வேண்டும். அத்தனை நாள் சம்பளமும் போய்விடும் என்பதால் போகப்போவதில்லை என்றார். ஆனால், தினமும் ராத்திரி அம்மாவிடம் போனில் பேசுவதாகச் சொன்னார். அம்மா அப்போது அடிக்கடி கேட்ட கேள்வி ஒன்றுதான்: அவர்களுக்கு நானூறு வந்துவிட்டால் நம் காகிதம் செல்லாமல் போய்விடுமா?

காகிதம் என்று அந்த அம்மா சொன்னது சாதிச் சான்றிதழை.

அந்த நானூறு எங்கிருந்து வந்தது என்பதை நினைவுபடுத்திக்கொள்வோம். 2024 பிப்ரவரி 5 அன்று மக்களவையில் பேசிய பிரதமர் மோடி, பா.ஜ.க. தனியாக 370 இடங்களையும் கூட்டணி 400 இடங்களையும் தாண்டும் என்றார். காஷ்மீரின் 370-வது பிரிவை நினைவூட்டத்தான் அந்த 370. தேசியவாதக் கட்சி தன் சாதனையையே இலக்காக மாற்றிப் பிரச்சாரம் செய்தது. பலத்தைக் காட்ட அதைவிட எளிய வழி இல்லை. எதிரணி சோர்ந்துபோகும், தொண்டர்கள் எழுச்சி பெறுவார்கள் என்பதுதான் கணக்கு.

அந்தக் கணக்கைக் கெடுத்தவர்கள் அதே கட்சிக்காரர்கள். அரசமைப்புச் சட்டத்தைத் திருத்த வேண்டும், அதற்குத்தான் 400 வேண்டும் என்ற பொருளில் மார்ச் மாதம் கர்நாடகத்தின் அனந்த்குமார் ஹெக்டே பேசினார். அது அவருடைய சொந்தக் கருத்து என்று கட்சி ஒதுங்கிக்கொண்டது. மறுபடியும் போட்டியிட அவருக்கு சீட்டும் கிடைக்கவில்லை. ஏப்ரலில் பைசாபாத் எம்.பி. லல்லு சிங்கும் அதே தொனியில் பேசினார். ஆட்சி அமைக்க 272 போதும், அரசமைப்புச் சட்டத்தில் கை வைக்கத்தான் அதற்கு மேல் வேண்டும் என்ற அந்தப் பேச்சு செல்போன்களில் சுற்றியது. பாபாசாகேப் அம்பேத்கரே வந்தாலும் அரசமைப்புச் சட்டத்தை ஒழிக்க முடியாது என்று ஏப்ரல் 12 அன்று ராஜஸ்தானின் பார்மரில் பிரதமர் சொல்ல வேண்டியதாயிற்று. எதிரணி விடவில்லை. ராகுல் காந்தி சிவப்பு அட்டை போட்ட சின்ன அரசமைப்புச் சட்டப் புத்தகத்தை மேடைக்கு மேடை தூக்கிக் காட்டினார்.

சட்டம் படித்தவர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கலாம். 368-வது பிரிவின்படி திருத்தத்துக்கு இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். சில திருத்தங்களுக்குப் பாதி மாநிலங்களின் ஒப்புதலும் வேண்டும். அடிப்படைக் கட்டமைப்பில் கை வைக்கக் கூடாது என்று 1973-ல் கேசவானந்த பாரதி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எல்லாம் சரிதான். ஆனால், நிலம் இல்லாத, கோயில் தெருவில் இடம் இல்லாத ஒரு குடும்பத்தில், அரசு தந்தது என்று பெட்டியில் பத்திரமாக இருப்பது அந்த ஒரு காகிதம்தானே. அது போய்விடுமோ என்று பயப்படுகிறவரிடம் 368-வது பிரிவை விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

நம் பகுதிக்கும் இது பொருந்தும். இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம், வல்லம் வடகால், ஒரகடம் என்று வரிசையாக ஆலைகள் நிற்கின்றன. அவற்றின் கேட்டுக்குள் இடஒதுக்கீடு கிடையாது. தனியார் துறையில் இடஒதுக்கீடு என்பது தேர்தல் அறிக்கைகளில் வந்து வந்து போகும் வரி. நாம் பார்த்தவரையில், காலனிப் பெண்களில் பலருக்கு ஆலைக்குள் கிடைப்பது கான்ட்ராக்டரின் கீழ் துப்புரவும் கேன்டீன் வேலையும்தான். அரசமைப்புச் சட்டம் கேட்டுக்கு வெளியே மட்டும்தான் இருக்கிறது: மகளின் கல்வி உதவித்தொகையாக, ஆதிதிராவிடர் நல விடுதியாக, பட்டியல் சாதிக்கு ஒதுக்கிய ஊராட்சித் தலைவர் நாற்காலியாக. கையில் இருப்பது இவ்வளவே என்பதால்தான் அதைத் தொடுவார்களோ என்ற பேச்சு இவ்வளவு ஆழமாகத் தைத்தது.

ஜூன் 4-ல் முடிவு வந்தது. 2019-ல் 303 இடங்களில் வென்ற பா.ஜ.க.வுக்கு 240. தனிப் பெரும்பான்மை போய், சந்திரபாபு நாயுடு, நிதீஷ் குமார் தயவில் ஆட்சி. உத்தரப் பிரதேசத்தில் மட்டும் 62 இடங்கள் 33 ஆகச் சுருங்கின. அந்த மாநிலத்தின் 17 தனித்தொகுதிகளில் 2019-ல் 14-ஐப் பிடித்த கட்சிக்கு இப்போது 8. நாடு முழுவதும் உள்ள 84 தனித்தொகுதிகளில் 46 ஆக இருந்தது 30-ஐத் தாண்டவில்லை.

ராமர் கோயில் திறந்து ஐந்தே மாதத்தில், அயோத்தியை உள்ளடக்கிய பைசாபாத்தில் லல்லு சிங் 54,567 வாக்கு வித்தியாசத்தில் தோற்றார். வென்றவர் சமாஜ்வாதியின் அவதேஷ் பிரசாத், பாசி சமூகத்தவர். பைசாபாத் பொதுத்தொகுதி என்பதைக் கவனிக்க வேண்டும்.

இதையெல்லாம் ஒரு முழக்கம் செய்த வேலை என்று நாம் எழுதினால் அது பொய். வேலையின்மை இருந்தது, தேர்வு வினாத்தாள் கசிவுகள் மீது இளைஞர்களுக்குக் கோபம் இருந்தது. மாயாவதியின் பகுஜன் சமாஜ் உத்தரப் பிரதேசத்தில் 19 சதவீதத்திலிருந்து 9 சதவீதத்துக்கு இறங்கி ஓர் இடமும் பெறாமல் போனதும் ஒரு காரணம். அந்த வாக்குகள் எங்கேயாவது போக வேண்டும் அல்லவா? எங்கே போவது என்பதை முடிவு செய்ததில்தான் ‘400’-க்குப் பங்கு இருந்தது என்பது நம் கருத்து. பேசியவர்கள் நினைத்த பொருள் ஒன்று. கேட்டவர்கள் தங்கள் வாழ்க்கையை வைத்து வேறொரு பொருளை எடுத்துக்கொண்டார்கள்.

அகிலேஷ் யாதவ் செய்த ஒன்றை இங்குள்ள கட்சிகளும் யோசிக்கலாம். பைசாபாத், மீரட் என்ற இரு பொதுத்தொகுதிகளில் தலித் வேட்பாளர்களை நிறுத்தினார். ஒன்றில் வென்றார், ஒன்றில் தோற்றார். ஸ்ரீபெரும்புதூர் மக்களவைத் தொகுதி 2008 மறுசீரமைப்புக்கு முன் தனித்தொகுதி. 1991-ல் ராஜீவ் காந்தி இங்கே வாக்குக் கேட்க வந்தது மரகதம் சந்திரசேகருக்காக. இப்போது பொதுத்தொகுதி, அதன் ஆறு சட்டமன்றத் தொகுதிகளில் ஸ்ரீபெரும்புதூர் மட்டும்தான் தனி. மற்றவை மதுரவாயல், அம்பத்தூர், ஆலந்தூர், பல்லாவரம், தாம்பரம் என்று சென்னையின் நீட்சிகள். பொதுத்தொகுதியில் தலித்தை நிறுத்தினால் தோற்போம் என்று சொல்கிறவர்களுக்கு ஒரு பழைய கணக்கு: 2001-ல் திருச்சி மக்களவை இடைத்தேர்தலில் ஜெயலலிதா தலித் எழில்மலையை நிறுத்தினார். அவர் வென்றார்.

2024-ல் இங்கே தி.மு.க.வின் டி.ஆர்.பாலு 4.8 லட்சத்துக்கும் அதிகமான வாக்கு வித்தியாசத்தில் வென்றார். நாம் தமிழர் கட்சி ஏறத்தாழ 1.4 லட்சம் வாக்குகள் பெற்றது. முடிவை அது மாற்றவில்லை. ஆனால், இன்னொரு தேசியவாதத்தின் பிரச்சாரமும் இந்தத் தெருக்களில் ஒலித்தது. வடவர் வந்து வேலையைப் பிடித்துக்கொள்கிறார்கள் என்ற பேச்சு அந்த ஷீட் அறைகளுக்குள்ளும் கேட்காமல் இருக்காது. அந்த அறைகளில் இருப்பவர்களில் எத்தனை பேர் சொந்த ஊரில் சேரிக்காரர்கள் என்று மேடையில் பேசுகிறவர்கள் விசாரிப்பதில்லை. நாமும் அதிகம் விசாரித்ததில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இடம்பெயர்ந்தவர்கள் இருக்கும் ஊரிலிருந்தே சொந்தத் தொகுதிக்கு வாக்களிக்க, 72 தொகுதிகளைக் கையாளும் ஒரு இயந்திரத்தைத் தேர்தல் ஆணையம் 2023 ஜனவரியில் கட்சிகளிடம் காட்ட அழைத்தது. எதிர்க்கட்சிகள் ஏற்கவில்லை, 2024 தேர்தலுக்கு அது வரவும் இல்லை. வாக்குப்பதிவு நாளில் சம்பளத்துடன் விடுப்பு தர வேண்டும் என்கிறது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135பி பிரிவு. இரண்டு இரவு ரயிலில் போக வேண்டியவருக்கு ஒரு நாள் விடுப்பு எதற்கு உதவும்?

ஓட்டு மட்டுமல்ல, அந்த இளைஞரின் சாதிச் சான்றிதழும் ஊரோடு நின்றுவிடுகிறது. பட்டியல் சாதி என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறு பட்டியல். தமிழ்நாட்டுப் பட்டியலில் பாசி இல்லை. இருந்தாலும், பிழைக்க வந்தவர் வந்த மாநிலத்தில் இடஒதுக்கீடு கோர முடியாது என்று 2018-ல் பீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு கூறிவிட்டது. தீண்டாமையை மட்டும் எல்லைச் சோதனைச் சாவடியில் யாரும் இறக்கி வைத்துவிட்டு வரச் சொல்வதில்லை. அவர் ஒரகடத்தில் சக தொழிலாளர்களிடம் தன் சாதியைச் சொல்லியதில்லை. நம்மிடம் சொன்னதே பக்கத்து அறைக்காரர் தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில்.

அவதேஷ் பிரசாத் எம்.பி. ஆனதால் காலியான மில்கிபூர் சட்டமன்றத் தனித்தொகுதிக்கு 2025 பிப்ரவரியில் இடைத்தேர்தல் நடந்தது. அவருடைய மகனை பா.ஜ.க.வின் சந்திரபானு பாஸ்வான் 60 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குகளில் தோற்கடித்தார். அவரும் பாசிதான். நானூறு என்ற பேச்சு எட்டே மாதத்தில் பழசாகியிருந்தது. அந்தத் தேர்தலுக்கும் நம் இளைஞர் ஊருக்குப் போகவில்லை; நைட் ஷிப்டில் இருந்தார்.

2027-ல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வருகிறது. இந்த முறை சாதியும் கேட்கப்போகிறார்கள். கணக்கெடுப்பாளர் அந்த ஷீட் அறையின் கதவையும் தட்டுவார். மில்கிபூரில் பட்டியல் சாதியாகக் கணக்கில் சேர வேண்டியவர், இங்கே அந்தக் கணக்கில் வர மாட்டார். தனித்தொகுதிகள் எத்தனை என்பதை முடிவு செய்வது அந்தக் கணக்குத்தான்.