கோப்பினுள் மறைந்திருக்கும் சொல்

கோப்பின் பெயர் மறந்துபோயினும், அதனுள் எழுதிய சொல்லொன்று நினைவிலிருந்தால் கணினி அதனைத் தேடித்தரும். நூலின் இறுதியிற் காணப்படும் சொல்லடைவைப் போல, எச்சொல் எக்கோப்பில் உள்ளது என்னும் அட்டவணையை அது முன்னரே ஆக்கி வைத்திருக்கின்றது. ஆயினும் நமது பழைய தமிழ்க் கோப்புகளில் இம்முறை பொய்த்துவிடுகின்றது.

நமது பழைய மாணவி ஒருவர், சிறுவயதில் தம் தாயாரைப் பற்றி எழுதிய கட்டுரையைச் சென்ற ஆண்டு கேட்டிருந்தார். தாயார் இப்போது உயிருடன் இல்லை. நான் 'அம்மா' எனத் தேடினேன். எதுவும் இல்லை என்றது கணினி. கட்டுரையோ அதனுள்ளேயே இருந்தது!

அக்கட்டுரை பாமினி எழுத்துருவில் அமைந்தது. பாமினியில் 'அ' என்பது சிறிய ஆங்கில எம் எழுத்துக்கு இட்ட தமிழ் உருவம் மட்டுமே. நாம் 'அம்மா' என வாசிப்பதை எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றே கணினி சேமித்துள்ளது. 1991இல் வெளிவந்த யூனிகோட்டின் முதற்பதிப்பிலேயே தமிழ் எழுத்துகளுக்குத் தனி எண்கள் வழங்கப்பட்டன. நாமோ அதன் பின்னரும் நெடுங்காலம் பாமினியை விடவில்லை. பழகிய விரல்கள் எளிதில் மாறுவனவல்ல.

பழைய கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து, அவ்வைந்து குறிகளையும் அதே வரிசையில் தேடினேன். ஒருவாறு அகப்பட்டது.

பெற்றோரே, தேடலில் வராத கோப்புகளை அழித்துவிடாதீர்கள். எழுத்துரு மாற்றி கொண்டு யூனிகோட்டிற்கு மாற்றி, மூலத்தையும் பேணுங்கள். மாற்றியபின் ஒருமுறை வாசித்துத் திருத்துங்கள். இதற்குப் பிள்ளைகளின் கண்கள் நம்முடையவற்றைவிடக் கூர்மையானவை.