அரங்கிசையும் ஒலிப்பதிவும்

ஒலிப்பதிவுக் கூடத்தில் பாடும் கலைஞர், பிழை நேர்ந்தால் மீண்டும் பாடலாம். நிறைவு தரும்வரை பத்து முறை பாடினும் தடுப்பாரில்லை. அவையோர் நிறைந்த அரங்கில் அவ்வாய்ப்பு இல்லை. அங்குப் பிறக்கும் இசை அப்பொழுதே மறைந்துவிடுகிறது. ஆகவே, அரங்கிசையைப் பதிவு செய்பவரின் பணியில் பெரும்பகுதி, நிகழ்ச்சி தொடங்குவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும்.

கச்சேரி நாளன்று ஒலிப்பதிவாளர் முன்னதாகவே அரங்கிற்கு வந்துவிடுவார். ஆளில்லா அரங்கின் நடுவில் நின்று அவர் கைதட்டிப் பார்ப்பதைக் காண்போர் வியக்கக்கூடும். தட்டிய ஓசை சுவர்களில் மோதி எவ்வளவு நேரம் நீடித்து அடங்குகிறது என்பதை அவர் செவியால் அளக்கிறார். அவையோர் வந்து அமர்ந்தபின் இந்நீட்சி குறைந்துவிடும். மனித உடலும் உடையும் ஒலியை உறிஞ்சிக்கொள்ளும். ஆதலால், காலியான அரங்கில் கேட்டதை அப்படியே நம்பிவிடலாகாது.

அடுத்தது ஒலிவாங்கிகளை அமைத்தல். மிருதங்கத்தின் வலந்தலை கணீரென ஒலிக்கும். தொப்பி எனப்படும் இடந்தலையின் ஒலியோ கனத்தது. எனவே, இருபுறமும் தனித்தனி ஒலிவாங்கி வைப்பதுண்டு. பாடகருக்கு முன்னுள்ள ஒலிவாங்கி, அருகிலிருக்கும் வயலினின் ஒலியையும் சேர்த்தே வாங்கும். ஒன்றை உயர்த்தினால் மற்றதும் உயரும். முற்றிலும் பிரித்தெடுக்க இயலாத இக்கலப்பே அரங்கப் பதிவின் இடர்ப்பாடு. கலைஞர்கள் ஒருவரோடு ஒருவர் இயைந்து இசைக்கும் உணர்வைத் தருவதும் அதுவே. ஒலியளவை உச்சவரம்பிற்குச் சற்றுக் கீழே நிறுத்துவதும் இன்றியமையாதது. தனி ஆவர்த்தனத்தின் இறுதியில் ஒலி திடீரென உயரும். டிஜிட்டல் பதிவில் வரம்பைக் கடந்த ஒலி சிதைந்துவிடும்; பின்னர் அதனை முழுமையாக மீட்க இயலாது.

இருமலும் நாற்காலி நகரும் ஓசையும் கைதட்டலும் பதிவில் இடம்பெறவே செய்யும். இவற்றை நீக்கவேண்டும் என்போர் உளர். ஆயினும், நுட்பமான ஒரு சங்கதியைக் கேட்டு அவையிலிருந்து எழும் ‘பலே’, அடுத்த சங்கதிக்குத் தூண்டுகோலாகிறது. அதனை வெட்டியெடுத்தால், பாடகர் ஏன் மேலும் விரித்துப் பாடினார் என்பது கேட்பவர்க்கு விளங்காது.

இவ்வாறு அவையின் ஓசைகளோடு பதிவான இசைக்குப் புகழ்பெற்ற சான்று ஒன்று, நியூயார்க் நகரின் வில்லேஜ் வான்கார்ட் என்னும் நிலவறை அரங்கில் கிடைத்தது. 1961 ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமையன்று ஜாஸ் இசைக் கலைஞர் மூவர் அங்குப் பிற்பகலிலும் இரவிலுமாக ஐந்து முறை மேடையேறினர். பில் எவன்ஸ் பியானோ இசைத்தார். ஸ்காட் லாஃபாரோ டபுள் பாஸ் என்னும் பெரிய நரம்புக்கருவியையும், பால் மோஷன் டிரம்ஸையும் இசைத்தனர். ஜாஸில் மெட்டு ஒன்றேயாயினும், கலைஞரின் கற்பனைக்கேற்ப ஒவ்வொரு முறையும் இசை மாறும். கருநாடக இசையின் மனோதர்மம் போன்றது அது. எனவே, ஐந்து அமர்வுகளும் ஒலிநாடாவில் பதிவு செய்யப்பட்டன. கண்ணாடிக் குவளைகள் உரசும் ஒலியும் அவையோரின் பேச்சும் உடன் பதிந்தன. லாஃபாரோ இயற்றிய ‘குளோரியாஸ் ஸ்டெப்’ முதன்முறை இசைக்கப்பட்டபோது மின்தடை ஏற்பட்டுப் பதிவு இடையில் அறுந்தது. பின்னொரு அமர்வில் அவர்கள் அதனை மீண்டும் இசைத்தனர். இசைத்தட்டில் அதுவே இடம்பெற்றது.

பதினொரு நாள்கள் கழித்து, ஜூலை 6 அன்று, லாஃபாரோ கார் விபத்தில் உயிரிழந்தார். அவருக்கு வயது 25. மூவரும் இணைந்து இசைத்ததன் இறுதிப் பதிவாக அவ்வொலிநாடாக்களே எஞ்சின. பல ஆண்டுகளுக்குப் பின் அந்நாளின் இசை முழுமையாகத் தொகுக்கப்பட்டபோது, மின்தடையால் அறுந்த அப்பகுதியை நீக்கவில்லை. தொகுப்பின் தொடக்கத்திலேயே, அறுந்தது அறுந்தபடியே சேர்த்து வெளியிட்டனர்.