வலையும் பூச்சும்: குடலிறக்கச் சிகிச்சையில் உயிரிணக்கம்

மருத்துவர் எட்வேர்ட் ஏர்ல் ஷோல்டைஸ் 1945இல் ரொறன்ரோவில் தொடங்கிய மருத்துவமனை, இன்று நகரின் வடக்கே தோர்ண்ஹில்லில் இயங்குகிறது. குடலிறக்கத்தைச் சீர்செய்வதே அதன் தனிப்பணி. கவட்டுக் குடலிறக்கம் அங்கே பெரும்பாலும் செயற்கை வலையின்றி, வயிற்றுச் சுவரின் படைகளை ஒன்றின்மேல் ஒன்றாக எஃகிழையால் தைத்துச் சீராக்கப்படுகிறது. வேறு பல மருத்துவமனைகளில் வலை பொருத்துவதே பெருவழக்கு. எனவே, உள்ளே வைக்கப்படும் வலையை உடல் ஏற்குமா என்னும் ஐயம் நோயாளிக்கு எழுவது இயல்பு.

இவ்வையத்துக்கு விடை கூறும் கலைச்சொல் உயிரிணக்கம். இணக்கம் என்றதும், உடல் எவ்வித எதிர்வினையும் காட்டாதிருத்தல் எனப் பொருள்கொள்ளத் தோன்றும். அது பொருந்தாது. டேவிட் வில்லியம்ஸ் 1987இல் பதிவுசெய்த வரையறையின்படி, குறித்த ஒரு பயன்பாட்டில் உடலின் தகுந்த எதிர்வினையோடு தன் பணியை ஆற்றும் திறனே உயிரிணக்கம். இதில் ‘குறித்த’, ‘தகுந்த’ என்னும் இரு அடைகளும் இன்றியமையாதவை.

பொலிபுரொப்பிலீன் வலையை அமெரிக்க அறுவை மருத்துவர் பிரான்சிஸ் அஷர் பயன்படுத்தினார். வலை உள்ளே சென்றதும் குருதிப் புரதங்கள் இழைகளில் படிகின்றன. விழுங்கணுக்கள் சூழ்ந்து, சில ஒன்றிணைந்து பேரணுக்களாகின்றன. பின்னர் கொலாஜன் நார்கள் துளைகளினூடே வளர்ந்து சுவரை வலுவாக்குகின்றன. இவ்வெதிர்வினை இல்லையெனில் வலை நிலைகொள்ளாது. மிகுந்தால் வடு இறுகி, வலை சுருங்கி, நோவு தரும். துளைகள் சிறியவையாயின், அடுத்தடுத்த இழைகளைச் சூழ்ந்த வடுக்கள் ஒன்றோடொன்று இணைந்து விறைப்பான தகடாகும். ஆதலால் ஒரு மில்லிமீற்றருக்கு மேற்பட்ட துளைகள் விரும்பப்படுகின்றன.

வலையை வயிற்றறைக்குள் பொருத்தும்போது வேறொரு சிக்கல் தோன்றுகிறது. சுவரை நோக்கிய முகத்தில் திசு ஊடுருவி வளரவேண்டும். குடலை நோக்கிய முகத்தில் எதுவும் ஒட்டக்கூடாது. ஒட்டினால் குடல் அடைப்போ புரையோ உண்டாகலாம். எனவே குடற்பக்கத்தில் கொலாஜன், ஒட்சியேற்றிய செலுலோசு போன்றவை தடுப்புப் படலமாகப் பூசப்படுகின்றன. படலம் கரைவதற்குள் வயிற்றறையின் மென்சவ்வணுக்கள் வலையைப் போர்த்திவிட வேண்டும் என்பதே கருத்து. தைத்தானியப் பூச்சோ கரையாது. இழையின் மேற்பரப்பையே மாற்ற முயல்கிறது.

பூச்சு இருப்பதனாலேயே ஒரு வலை சிறந்ததாகிவிடாது. இருபுறமும் கரையும் படலம் கொண்ட ‘பிசியோமெஷ்’ வலை 2016இல் சந்தையிலிருந்து மீட்கப்பட்டது. லப்பரோஸ்கோப்பி வழியே அதனைப் பொருத்தியோரில் குடலிறக்கம் மீண்டும் தோன்றுவது மிகுதி என ஜேர்மன், டென்மார்க் பதிவேடுகள் காட்டியிருந்தன.

மறுபுறம், மகாராட்டிர மருத்துவர் தொங்கோன்கரும் குழுவினரும் கவட்டுக் குடலிறக்கத்துக்குக் கொசுவலைத் துணியைத் தூய்மையாக்கிப் பயன்படுத்திய அனுபவத்தை 2003இல் வெளியிட்டனர். உகண்டாவில் 302 ஆண்களிடம் கொசுவலைத் துணியையும் விலையுயர்ந்த வலையையும் ஒப்பிட்ட ஆய்வின் முடிவுகள் 2016இல் வெளிவந்தன. ஓராண்டின் பின் இரு பிரிவினரிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. கவட்டில் திறந்த முறையில் வைக்கும் வலை குடலைத் தொடுவதில்லை. ஆகவே அங்கே தடுப்புப் படலத்துக்கு வேலையுமில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் கிறீன் மருத்துவத்தைத் தமிழிலே கற்பித்து, மருத்துவ நூல்களையும் தமிழாக்கினார். அப்பணியின் தேவை புலம்பெயர் மண்ணிலும் தொடர்கிறது. ரொறன்ரோவில் ஒப்புதற் படிவத்தில் கையொப்பமிடும் தமிழ் முதியவருக்கு, ‘உடலுக்கு ஒத்துப்போகும் வலை’ என்று மட்டும் மொழிபெயர்த்துரைப்பது போதாது. வலை தேவைதானா, எவ்விடத்தில் வைக்கப்படும், எந்த முகம் குடலைத் தொடும், பூச்சு எவ்வளவு காலம் நிலைக்கும் என்னும் வினாக்களை அவர் தம் மொழியிலேயே எழுப்ப இயலவேண்டும். அதற்குத் துணைநிற்கும்போதே உயிரிணக்கம் என்னும் கலைச்சொல் தன் பொருளை முழுமையாகப் பெறும்.