பாறை மிதந்த ஆறு!

எகிப்தில் 'மேல் எகிப்து' எங்கே இருக்கிறது தெரியுமா? வரைபடத்தின் கீழ்ப் பாதியில்! நைல் தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது. தண்ணீர் வரும் திசைதான் அவர்களுக்கு மேல். அதைவிட அதிசயம் ஒன்று கேளுங்கள். ஆறு வடக்கே ஓட, காற்றோ பெரும்பாலும் வடக்கிலிருந்து தெற்கே வீசுகிறது. ஆற்றை எதிர்த்துப் போக வேண்டுமா, பாயை விரி! திரும்ப வேண்டுமா, பாயைச் சுருட்டு, மீதியை நீரோட்டம் பார்த்துக்கொள்ளும்! பழைய சித்திர எழுத்தில் 'தெற்கே பயணம்' என்றால் பாய் விரித்த படகு. 'வடக்கே பயணம்' என்றால் பாய் இல்லாத படகு.

இன்று லக்சரில் ஏறி அஸ்வானில் இறங்கும் கப்பல் பயணத்துக்கு மூன்று நான்கு இரவுகள் ஆகும். தூரம் 200 கிலோமீட்டரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். அதற்குள் எத்தனை கோயில்கள்! கர்னாக்கின் பெரிய மண்டபத்தில் மட்டும் 134 தூண்கள். நடுவே நிற்கும் 12 தூண்கள் ஏறத்தாழ 21 மீட்டர், ஏழு மாடி உயரம்! அந்த மணற்கல் வந்த கெபல் எல் சில்சிலா மலையை வழியிலேயே பார்க்கலாம். ஆறு குறுகும் இடத்தில், வெட்டிய சுவர்கள் கரையோரம் அப்படியே நிற்கின்றன.

மணற்கல்லாவது துண்டு துண்டாக வந்தது. பெண் பாரோ ஹட்செப்சுட் கர்னாக்கில் நிறுத்திய ஊசித்தூண் ஒரே கல்! கிட்டத்தட்ட 30 மீட்டர், 300 டன்னுக்கு மேல். அஸ்வான் கருங்கல்லை வெட்டியெடுக்க ஏழு மாதம் ஆனது என்று தூணின் அடியிலேயே எழுதிவைத்திருக்கிறாள். அதை எப்படிக் கொண்டுவந்தார்கள்? டெய்ர் எல் பஹாரியில் உள்ள அவளுடைய கோயில் சுவரைப் பாருங்கள்: இன்னொரு ஜோடித் தூண்களைச் சுமக்கும் பிரம்மாண்டமான தோணி, அதை இழுக்க வரிசை வரிசையாகத் துடுப்புப் படகுகள்!

அஸ்வான் கல்குவாரிக்குப் போனால் மூச்சே நின்றுவிடும். சுமார் 42 மீட்டர் நீளம், ஆயிரம் டன்னுக்கு மேல் எடை கொண்ட தூண் ஒன்று பாறையோடு ஒட்டியபடியே படுத்திருக்கிறது. பாதி வேலையில் விரிசல் விழ, விட்டுவிட்டார்கள். இரும்பு உளி கிடையாது. டோலரைட் என்ற கடினமான கல் உருண்டைகளால் இடித்து இடித்தே கருங்கல்லைக் குடைந்திருக்கிறார்கள். இடித்த குழிகள் வரிசையாகத் தெரிகின்றன. என்னைக் கேட்டால், எந்தக் கோயிலையும்விட இந்தத் தோல்விதான் எகிப்தின் பெரிய அதிசயம். ஒரு மனிதன் கை ஓங்கி இடித்தது இங்கேதான் கண்ணெதிரே இருக்கிறது!

லக்சர் கோயில் வாசலில் ஏன் ஒற்றை ஊசித்தூண் தெரியுமா? ஜோடி பாரிஸில் இருக்கிறது! அதை ஏற்றிய பிரெஞ்சுக் கப்பலின் பெயரே லக்சர். வெள்ளம் வந்து தூக்கும்வரை கரையிலேயே காத்துக் கிடந்து, 1832-ல் கிளம்பியது. தூண் பாரிஸில் நிமிர்ந்தது 1836-ல்.

வழியில் வரும் எட்ஃபு கோயிலைக் கட்டி முடிக்க 180 ஆண்டுகள், கி.மு. 237 முதல் 57 வரை! பிறகு மணல் கூரைவரை ஏற, அதன்மேல் ஜனங்கள் வீடு கட்டிக் குடியிருந்தார்கள். எஸ்னாவிலோ கோயில் தெருமட்டத்துக்கு 9 மீட்டர் கீழே! கரியைத் துடைக்கத் துடைக்க நீலமும் சிவப்பும் பளிச்சென்று வெளியே வருகின்றன. கோம் ஓம்போவில் பதம்செய்த முதலைகள்!

ஃபிலே தீவுக் கோயிலில் கி.பி. 394 ஆகஸ்ட் 24 என்று தேதி சொல்லும் ஒரு பொறிப்பு உண்டு. நமக்குக் கிடைத்த சித்திர எழுத்துகளில் காலத்தால் கடைசி அதுதான். அந்தக் கோயிலையே பிரித்தெடுத்துப் பக்கத்துத் தீவில் மறுபடி கட்டினார்கள், 1980-ல் திறந்தார்கள். கற்களைச் சுமந்த ஆறு, அணை கட்டியதும் அவற்றையே விழுங்க வந்ததே! அபு சிம்பல் கோயிலை ஆயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகளாக அறுத்து, 65 மீட்டர் மேலே ஏற்றி, 1968-ல் முடித்தார்கள். இன்றும் பிப்ரவரி 22-லும் அக்டோபர் 22-லும் காலை வெயில் கருவறைக்குள் நுழைந்து மூன்று சிலைகளைத் தொடுகிறது. நான்காவதான ப்தா, கைவினைஞர்களின் தெய்வம், இருட்டிலேயே இருக்கிறார்!

அபு சிம்பலைக் குடைவித்த இரண்டாம் ராம்செஸின் மூக்கில் என்ன இருந்தது தெரியுமா? மிளகு! கி.மு. 1213-ல் இறந்தவரின் பதம்செய்த உடலில், நம் மேற்குக் கரையில் விளைந்த மிளகு! ரோமர் காலத்தில் அது மூட்டை மூட்டையாகவே போனது. செங்கடல் துறைமுகமான பெரனிகேயில், கோயில் தரையில் புதைந்திருந்த இந்தியத் தாழியில் 7.5 கிலோ மிளகு கிடைத்தது. அங்கேயே ஒரு பானை ஓட்டில் தமிழ் பிராமியில் 'கொற்றபூமான்'! குசெயிர் அல் கதீம் துறைமுகத்துப் பானை ஓடுகளில் கண்ணன், சாத்தன்! சரக்கெல்லாம் ஒட்டகமேறிப் பாலைவனம் கடந்து, லக்சருக்குச் சற்று வடக்கே கோப்டோஸ் படித்துறைக்கு வரும். அங்கே நைல் படகில் ஏற்றுவார்கள். அலெக்சாந்திரியா வடக்கேதான்; பாய்கூடத் தேவையில்லை.