ஆஸ்பத்திரிக் கடனும் சொந்த வீடும்

வியாபாரம் ஒரு மாதம் மந்தமானால் எப்படியோ சமாளித்து விடுகிறோம். வீட்டில் ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டால், இருபது வருடச் சேமிப்பு இருபது நாளில் கரைந்து போகிறது. பிறகு பாக்கி கேட்டு வக்கீல் நோட்டீஸ் வந்ததும், "வீடு போய்விடுமோ" என்று பதறி, வீட்டுப் பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வட்டிக்காரரிடம் ஓடுகிறோம். ஓடுமுன் சட்டம் சொல்வதைத் தெரிந்துகொள்வோம்.

ஆஸ்பத்திரி பாக்கி ஈடில்லாக் கடன். அதற்காக யாரும் நேராக வந்து நம் வீட்டைப் பூட்ட முடியாது. சிவில் கோர்ட்டில் வழக்குப் போட்டு, தீர்ப்பு வாங்கி, நிறைவேற்று மனு கொடுத்த பிறகே பொதுவாக ஜப்தி. வழக்கையும் பொதுவாக 3 ஆண்டுக்குள் போட வேண்டும். கெடு முடியுமுன் கடனை ஒப்புக்கொண்டு நாம் எழுத்துமூலம் கையெழுத்திட்டால், அந்த 3 ஆண்டு மறுபடி தொடங்கும்.

சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-வது பிரிவுப்படி உடுதுணி, சமையல் பாத்திரம், படுக்கை, மத வழக்கப்படி பெண்கள் கழற்றக்கூடாத நகை, கணக்குப் புத்தகங்கள், ஆயுள் காப்பீட்டுப் பணம் ஆகியவற்றை ஜப்தி செய்ய முடியாது. விவசாயி, கூலித் தொழிலாளி, வீட்டு வேலையாள் ஆகியோர் குடியிருக்கும் வீட்டுக்கும் விலக்கு உண்டு. வணிகர் வீட்டுக்கு அந்த விலக்கு இல்லை. இதை நம்மில் பலர் அறிவதில்லை.

ஆனாலும் வழி அடைந்துவிடவில்லை. சம்மன் வந்தால் ஒதுக்கி வைக்காமல் ஆஜராக வேண்டும். இல்லையேல் ஒருதலைத் தீர்ப்பாகிவிடும். தக்க காரணம் காட்டி, தீர்ப்பின்போதே தவணை கேட்கலாம். கடனுக்குப் போதுமான அளவு சொத்தை மட்டுமே ஏலம் விட வேண்டும். ஏலம் முடிந்தாலும் 60 நாளுக்குள் ஏல அறிவிப்பில் கண்ட பாக்கியையும், ஏலம் எடுத்தவருக்காக ஏலத்தொகையில் 5 சதவீதத்தையும் கட்டி மனுச் செய்தால், ஏலத்தை ரத்து செய்யலாம். பணக்கடன் தீர்ப்புக்காகப் பெண்களைக் கைது செய்யவும் முடியாது. கடன்பட்டவர் இறந்துவிட்டால், வாரிசுகள் தங்களுக்கு வந்த சொத்தின் அளவுக்கே பொறுப்பு.

நோட்டீஸ் வந்த பிறகு வீட்டை மனைவி பெயருக்கு எழுதி வைப்பது பயன் தராது. கடன்காரரை ஏய்க்கும் நோக்கம் என்று தெரிந்தால், அந்தப் பத்திரத்தைக் கோர்ட் செல்லாததாக்கலாம்.

பெரிய ஆபத்து பத்திரத்தை அடமானம் வைப்பதில்தான் இருக்கிறது. ஈடில்லாக் கடனை அடைக்க வீட்டை ஈடு வைத்தால், இல்லாத ஆபத்தை நாமே அழைக்கிறோம். வங்கியானால், 2002-ஆம் ஆண்டுச் சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் கொடுத்து, வழக்கே போடாமல் வீட்டை எடுக்கலாம். அதை எதிர்க்கக் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் 45 நாளே அவகாசம். தனியாரிடம் வெற்றுப் புரோநோட்டிலோ, கிரய ஒப்பந்தத்திலோ கையெழுத்திடவே கூடாது. கந்துவட்டி கேட்டு மிரட்டினால், 2003-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டப்படி போலீசில் புகார் தரலாம்.

ஆகவே முதலில் ஆஸ்பத்திரியில் இனவாரிப் பில் கேளுங்கள். சரக்குப் பட்டியலைப் போல வரிவரியாகச் சரிபாருங்கள். தவணைக்குப் பேசி எழுத்தில் வாங்குங்கள். கடைச் சரக்குக்கு இன்சூரன்ஸ் எடுக்கும் நாம், குடும்பத்தின் உடல்நலத்துக்கும் எடுத்துவிட்டால் இந்தக் கட்டுரையே தேவைப்படாது.