மருத்துவரிடமும் சொல்லாத கசிவு

இருமினால், தும்மினால், குடத்தைத் தூக்கினால் சிறுநீர் கசிகிறது என்று மருத்துவரிடம் சொல்லிவிடும் பெண்களில் பலர், தாம்பத்திய உறவின்போதும் கசிகிறது என்பதை மட்டும் விழுங்கிவிடுகிறார்கள்.

பிரிட்டனின் மகளிர் மருத்துவர் பால் ஹில்டன் இதைத் தாமாகவே கேட்டுப் பார்த்தார். சிறுநீர்க் கசிவுக்காக வந்தவர்களில், உடலுறவு வாழ்க்கையில் இருந்த 324 பெண்களை விசாரித்ததில் 79 பேர், அதாவது நூற்றுக்கு 24 பேர், ‘ஆமாம்’ என்றார்கள். 1988இல் வெளியான அவருடைய கட்டுரையின் தலைப்பே, இது பரவலாக இருந்தும் பெண்கள் தாமாக வாய்திறக்காத தொல்லை என்றது.

எப்போது கசிகிறது என்பது முக்கியம். அந்த 79 பேரில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு ஆணுறுப்பு உள்ளே நுழையும்போது கசிந்தது, மற்றவர்களுக்கு உச்சத்தில். முதல் வகையில் பெரும்பாலும் சிறுநீர்க் குழாயை இறுக்கிப் பிடிக்கும் தசைகள் தளர்ந்திருக்கும். பிரசவம், உடல் பருமன், மாதவிடாய் நின்றபின் வரும் மாற்றங்கள் இதற்குக் காரணமாகலாம். உச்சத்தில் கசிவதற்குச் சிறுநீர்ப்பை தானாகச் சுருங்குவதும் ஒரு காரணம். உச்சத்தில் வெளிப்படும் திரவம் எல்லாமே நோயின் அறிகுறி அல்ல.

இரண்டுக்குமே முதல் மருந்து பயிற்சிதான். அமெரிக்க மருத்துவர் ஆர்னால்டு கெகல் 1948இல் பிரபலப்படுத்திய இது, இடுப்புத்தளத் தசைகளை வலுவாக்குகிறது. வாயு வெளியேறாமல் அடக்குவதுபோல் உள்பக்கமாக இறுக்கி, சில நொடி நிறுத்தி, தளர்த்த வேண்டும். வயிறும் பிட்டமும் இறுகக்கூடாது, மூச்சையும் பிடிக்கக்கூடாது. ஒரு வேளைக்கு 8 முறையாவது, நாளுக்கு மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம் விடாமல் செய்ய வேண்டும். சரியான தசைதான் இறுகுகிறதா என்பதைப் பிசியோதெரபிஸ்ட் பார்த்துச் சொல்வார்.

உறவுக்கு முன் சிறுநீர் கழித்துவிடுவது, காபி, டீயைக் குறைப்பது, கூடுதல் எடையைக் குறைப்பது, உறவின் நிலையை மாற்றிப் பார்ப்பது ஆகியவையும் கைகொடுக்கும். துணையிடம் முன்கூட்டியே சொல்லி, ஒரு துண்டை விரித்துக்கொண்டால் பதற்றம் குறையும். தண்ணீரை அடியோடு குறைப்பது வேண்டாம். சிறுநீர் கெட்டியாகிப் பையை மேலும் உறுத்தும்.

பயிற்சிக்கு அடங்காவிட்டால், சிறுநீர்ப்பையின் துடிப்பைத் தணிக்கும் மாத்திரைகள் உண்டு. தசைத் தளர்ச்சியால் வரும் கசிவுக்கு அறுவைச் சிகிச்சையும் உண்டு. எரிச்சலோ ரத்தமோ இருந்தால் உடனே மருத்துவரைப் பார்த்துச் சிறுநீர்ப் பரிசோதனை செய்ய வேண்டும். அவரிடம் போகும்போது, கசிவது நுழையும்போதா, உச்சத்திலா, இருமும்போதும் உண்டா என்பதைக் குறித்துக்கொண்டு போனால் சிகிச்சையைத் தேர்ந்தெடுப்பது அவருக்கு எளிது.