வேலையை விடாமல் படிக்க வேண்டிய படிப்பு

புதுச்சேரியில் மடுகரை, நெட்டப்பாக்கம், வில்லியனூர்ப் பக்கத்திலிருந்து டிப்ளமாவோ பி.டெக்.கோ முடித்து, திருபுவனையிலும் சேதராப்பட்டிலும் ஷிப்ட் பார்க்கும் இளைஞர்கள் பலர், மேற்படிப்பு என்றால் வேலையை விட்டாக வேண்டும் என்று நினைத்து அந்த ஆசையையே கைவிடுகிறார்கள். சிஸ்டம்ஸ் இன்ஜினீயரிங் துறைக்கு அந்த எண்ணம் பொருந்தாது. வேலையில் இருப்பவருக்குத்தான் அந்தப் படிப்பு முழுதாகப் பிடிபடும். ஒரு பாகத்தை எப்படிச் செய்வது என்பதை அது சொல்லித்தருவதில்லை. பலர் தனித்தனியே செய்த பாகங்கள் ஒன்றுசேரும்போது எப்படி நடந்துகொள்ளும், எங்கே இடறும் என்பதுதான் அதன் கவலை.

இதற்கு ஓர் எடுத்துக்காட்டு: 2019 செப்டம்பர் 7 அதிகாலையில் சந்திரயான்-2 லேண்டர் நிலவில் மோதி நொறுங்கியது. காரணத்தைப் பின்னாளில் அப்போதைய இஸ்ரோ தலைவர் சோமநாத் விளக்கினார். ஐந்து இன்ஜின்களும் எதிர்பார்த்ததைவிடக் கூடுதல் உந்துவிசை தந்ததால் பிழைகள் சேர்ந்துகொண்டே போயின. அவற்றைச் சரிக்கட்ட லேண்டர் வெகுவேகமாகத் திரும்ப வேண்டியிருந்தது; மென்பொருளோ அந்த வேகத்துக்கு வரம்பு வைத்திருந்தது. இறங்க ஒதுக்கிய இடம் 500 மீட்டருக்கு 500 மீட்டர்தான். இதில் எந்த ஒரு பாகத்தைக் குற்றவாளி என்பது? பாகங்களுக்கு இடையிலான உறவுதான் பிசகியது. சந்திரயான்-3இல் இறங்குமிடத்தை 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டராக விரித்தார்கள். எரிபொருளைக் கூட்டினார்கள், கால்களை வலுவாக்கினார்கள். 2023 ஆகஸ்ட் 23இல் அது பத்திரமாக இறங்கியது. திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் மடுகரைக்கு அடுத்த விழுப்புரத்துக்காரர். பாலிடெக்னிக்கில் தொடங்கியவர், இஸ்ரோ பணிக்கு நடுவே சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம் பெற்றார்.

விண்கலத்துக்கு வேண்டியது நம் ஊர்த் தொழிற்சாலைக்கு எதற்கு என்று கேட்கலாம். சென்சார் ஒரு கம்பெனி, பி.எல்.சி. இன்னொரு கம்பெனி, கன்வேயர் மூன்றாவது கம்பெனி என்று வாங்கிப் பொருத்திய லைன் நின்றுபோனால், மூவரும் தங்கள் பொருளில் குறையில்லை என்பார்கள். அங்கே வேண்டியதும் இதே அறிவுதான். அப்படி நின்ற லைனைப் பார்த்திராதவருக்கு இந்தப் பாடம் வெறும் வரைபடமாகவே இருக்கும்.

வேலை செய்துகொண்டே வாங்கும் பட்டம் செல்லுமா என்ற ஐயம் நியாயமானது. உரிய அனுமதியில்லாமல் அஞ்சல் வழியில் நடத்திய பொறியியல் படிப்புகளை 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்தது. ஆகவே அங்கீகாரத்தை நேரில் விசாரிக்காமல் கட்டணம் கட்டக் கூடாது. நல்ல வழிகளும் இருக்கின்றன. பிலானி பிட்ஸ் 1979 முதல் பணியாளர்களுக்கெனப் படிப்புகளை நடத்துகிறது, சென்னை ஐ.ஐ.டி.யும் அவர்களுக்கு இணைய வழியில் எம்.டெக். வைத்திருக்கிறது. பட்டத்தின் பெயரை மட்டும் நம்ப வேண்டாம். மும்பை ஐ.ஐ.டி.யின் சிஸ்டம்ஸ் அண்ட் கன்ட்ரோல் மையம் பெரும்பாலும் கட்டுப்பாட்டுக் கோட்பாட்டைச் சார்ந்தது. தேவைகளை வரையறுத்தல், இடைமுகம், சரிபார்ப்பு, நம்பகத்தன்மை ஆகியவை பாடத்திட்டத்தில் உண்டா என்று பாருங்கள். இருந்தால் பட்டத்தின் பெயர் வேறாக இருந்தாலும் பரவாயில்லை.

செலவும் தூக்கமும் உண்மையான தடைகள், அதை மறைக்க முடியாது. இரவு ஷிப்ட் மாறி மாறி வருபவர் நேரலை வகுப்பைத் தவறவிடுவார். அதனால் ஷிப்ட் மாற்றத்துக்கும், கடைசிப் பருவ ஆய்வைத் தொழிற்சாலையிலேயே செய்வதற்கும் மேலாளரின் சம்மதத்தை விண்ணப்பிக்கும் முன்பே எழுத்தில் வாங்கிவிட வேண்டும்.